பதினான்காம் குழாய்க்கு அப்புறம்

ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது நான் வில்லியனூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தேன். வயலில் தோண்டி எடுத்த மண்ணின் வயது, ஏழு மாதமாகக் காத்திருந்த தேதிகள். கையெல்லாம் எண்ணெய், சுண்டுவிரலால் போனைத் தள்ளித் திறந்தேன். அட்டவணையைப் பார்த்ததும் சமோசா தொண்டையிலேயே நின்றுவிட்டது. அடியில் கிடந்த களிமண்ணைவிட அதற்கு மேலே கிடந்த களிமண் மூத்தது என்று போட்டிருந்தது. மண் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது. அடியில் இருப்பதுதான் முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இது பிள்ளை பிறந்த பிறகுதான் தகப்பன் பிறந்தான் என்று சொல்கிற கதை. "இவனுங்களுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சி?" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் மாணவிதான், சிரிக்க வேண்டாம். ஆதிகாலத்துப் பனிப்பாளங்கள் எப்போது வளர்ந்தன, எப்போது உருகிப் பின்வாங்கின என்று கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. பனியை நான் நேரில் பார்த்ததெல்லாம் மீன் வண்டியில்தான். ஆனால் இந்த வேலைக்குத் துருவம் வரை போகத் தேவையில்லை. செலியமேட்டில் எங்கள் நெல்வயலில் குழி போட்டாலே போதும். உலகத்துத் தண்ணீர் பனியாகி வடக்கே நிலத்தின்மேல் மலை மலையாகத் தங்கியபோது கடல் வற்றி வெகுதூரம் விலகிப் போயிற்று. பனி உருகியபோது ஏறி வந்தது. எங்கள் வயல் வரைக்கும் வந்தது. பனிக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம் அதன் பாரத்தில் அமுங்கும், பாரம் போனதும் எழும்பும், அங்கே கணக்குக் குழம்பிவிடும். எங்கோ தள்ளியிருக்கும் எங்கள் மாதிரிக் கரைகளில்தான் கடல் ஏறியதும் இறங்கியதும் ஒழுங்காகப் பதிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் போர் போட்டால் கறுப்புக் களியும் சிப்பியும் மேலே வருவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கறுப்புக் களியின் அடிமண்ணுக்கு வயது கண்டுபிடித்தால் கடல் முதன்முதலாக எப்போது உள்ளே வந்தது என்று சொல்லிவிடலாம். அங்கே எப்போது பனி உருகியது என்றும் சொல்லலாம். ஐந்து வருட உழைப்பு, முக்கால்வாசி ஆய்வேடு, எல்லாம் அந்த ஒரு குழியிலிருந்து குழாய் குழாயாக எடுத்த மண்ணை நம்பித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் என் வழிகாட்டி மேடம் போன் செய்தார். கண்டிப்பானவர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார்.

"உன்னோட நோட்டைப் பார்த்தேன். பதினஞ்சாவது குழாய்லேர்ந்து பத்தொன்பது வரைக்கும் 'தண்ணீர் மட்டும்'னு எழுதியிருக்கே. குழிக்குள்ள வேற எதுவும் ஊத்தலையே? நீ பக்கத்துலயே இருந்தியா?"

"இருந்தேன் மேடம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன், எழுதியதையே வாய் சொல்லிற்று.

"அப்ப இது கலப்படம் இல்ல," என்றார் மேடம். அவர் குரலில் ஒரு துள்ளல் வந்ததை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். "மேல இருக்கறது வெள்ளத்துல எங்கேர்ந்தோ அடிச்சிட்டு வந்த பழைய மண்ணு. அடியில இருக்கற இளசான தேதிதான் நிஜம். கடல் நாம நினைச்சதைவிட ரொம்ப லேட்டா வந்திருக்கு. புரியுதா உனக்கு? பனி அவ்வளவு லேட்டா உருகியிருக்குன்னு அர்த்தம். இதை நாம கருத்தரங்குல சொல்லணும். கட்டுரைச் சுருக்கத்தை சனிக்கிழமை நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

அந்த ஐந்து குழாய்கள் எடுக்கப்பட்டபோது நான் அங்கே இல்லை.

நடந்தது இதுதான். பங்குனி மாதம், வயல் காய்ந்து கிடந்தது. கைபோர் போடும் மேஸ்திரி ஒருவரைக் கரையாம்புத்தூரிலிருந்து அப்பா கூட்டி வந்தார். மெஷின் போட்டால் களி நொறுங்கிப் போகும், எனக்கு அது முழுசாக வேண்டும். முக்காலி நட்டு, நாலு பேர் பைப்பைச் சுற்றி இறக்கி, ஆழத்துக்கு ஆழம் என் குழாயை அடித்து மண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். மேஸ்திரியிடம் முதல் நாளே கறாராகச் சொன்னேன்: "அண்ணே, குழிக்குள்ள கெமிக்கல் எதுவும் ஊத்தக் கூடாது." "சரி மேடம்" என்று அவர் நெற்றியில் கைவைத்துக் கும்பிடு போட்டார். அந்த 'மேடம்' கிண்டல். பதினான்கு குழாய் வரைக்கும் நான் குழியைவிட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிக்கு வில்லியனூரில் வளைகாப்பு. "நீ வரலன்னா இந்த ஜென்மத்துல உன்கூட பேச மாட்டேன்டி" என்று மூன்று தடவை போன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று போனேன். ஏழு வகைச் சாதத்தில் ஐந்தைத் தின்று, கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு, கதை பேசிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஐந்து குழாய்களும் கறுப்புத் தாளில் சுற்றி வரிசையாகக் கிடந்தன. எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வரப்பில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஊற்றியது: தண்ணீர் மட்டும். உடனிருந்தவர்: என் கையெழுத்து. ஐந்து வரி, ஒரே மூச்சில். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேடம் பேசிய மறுநாள், புதன்கிழமை காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய், மிச்சம் வைத்திருந்த பதினேழாம் குழாய் மண்ணைக் கரைத்து உருப்பெருக்கியில் வைத்தேன். நார் நாராகச் செடித் துணுக்குகள். வயது பார்க்க அனுப்பியது இவற்றைத்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் இதே துணுக்குகளைப் பார்த்து, கடலோரச் சதுப்பில் வளர்ந்த ஆதிகாலத்துப் புல் என்று குதித்தேன். இப்போது பார்த்தால் பாதி கறுப்பு. மீதி பொன்னிறம். பொன்னிறத் துணுக்குகளின் ஓரம் கசங்கி நைந்திருந்தது, யாரோ மென்று துப்பியதைப்போல. மாட்டுக்கொட்டகையில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று சொல்லித் தரவா வேண்டும்?

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்பா கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"அப்பா, அன்னிக்கு நான் வளைகாப்புக்குப் போனப்ப குழியில சாணி ஊத்துனாங்களா?"

அப்பா முகம் மலர்ந்தது. "ஆமா. நான்தான் கரைச்சி ஊத்துனேன். மணலு வந்துதுல்ல, பொலபொலன்னு சரிஞ்சி குழியே மூடிக்கிற மாதிரி ஆயிடுச்சி. சாணி இல்லாம செவுரு நிக்காதுன்னுட்டாரு மேஸ்திரி. ரெண்டு நாளா நீ பட்ட பாடு பாழாப் பூடுமேன்னு நாலு கூடை அள்ளியாந்து கரைச்சேன். அப்பறம் பாரு, கல்லு மாதிரி நின்னுச்சி!"

"யாரக் கேட்டுப்பா ஊத்துன?"

நான் கத்திய கத்தலில் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. "ஒண்ணும் ஊத்தக் கூடாதுன்னு நான் படிச்சிப் படிச்சி சொன்னேனா இல்லியா? அஞ்சு வருஷம்பா! அஞ்சு வருஷத்தச் சாணியில கரைச்சிட்டியே! இனிமே நான் இல்லாதப்ப அந்தக் குழியிலேர்ந்து ஒரு கை மண்ணு எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அப்பா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "கெமிக்கல் வேணாம்னுதானேம்மா சொன்ன," என்றார் மெதுவாக. "சாணி இன்னா கெமிக்கலா? வாசல்ல தெளிக்கிறதுதானே."

எங்கள் பக்கத்தில் சாணி ஊற்றாமல் கைபோர் போட்டதை யாராவது பார்த்திருக்கிறார்களா? சின்ன வயதில் நானே கூடை சுமந்திருக்கிறேன். அழுக்கை ஊற்றாதே என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்ததிலேயே சுத்தமானதை ஊற்றியிருக்கிறார்கள். 'எதையும் ஊற்றாதே' என்றும் நான் சொல்லவில்லை. அது நான் கோபத்தில் கூட்டிச் சொன்னது.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். வயலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னைவிட நாலு மடங்கு பொறுமைசாலி. "அவரு மேல எதுக்குடி எகிறுற? நீ எங்க போயிருந்த?" என்றார்.

"ஏம்பா, வந்ததும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அப்பாவிடமே திரும்பினேன். வெட்கமே இல்லாமல்.

"நீ எங்க கேட்ட? வந்த, எழுதுன, மூட்டையக் கட்டிக்கினு பூட்ட. இன்னா எழுதுறன்னு ஒருக்கா கேட்டதுக்கு, உனக்குப் புரியாதுப்பான்னுட்ட."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று ராத்திரி சாப்பிடக்கூட என்னோடு உட்காரவில்லை.

வியாழக்கிழமை காலையில் வயலுக்குப் போகும் வழியில் நானாகத்தான் பேச்செடுத்தேன். பனியைப் பற்றி, கடலைப் பற்றிச் சொன்னேன். "மேல ஒரு ஏரி, கீழ ஒரு ஏரி இருக்குன்னு வெச்சுக்கப்பா. மேல் ஏரி மதகை மூடிட்டா கீழ் ஏரி வத்திப் போவும். தொறந்தா நிரம்பும். அந்தப் பனிதான் மேல் ஏரி. நம்ம கடல் கீழ் ஏரி. கீழ் ஏரி கரையில தண்ணி எது வரைக்கும் நின்னுச்சின்னு பாத்தா, மேல மதகை எப்பத் தொறந்தாங்கன்னு சொல்லிடலாம்." பாகூர் ஏரித் தண்ணீரில் ஆயுள் முழுக்கப் பயிர் வைத்தவருக்கு இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடமாயிற்று.

"அப்ப நான் ஊத்துன சாணி, மதகத் தொறந்த தேதிய மாத்திப்புடுச்சி?"

"ஆமாம்பா."

"எத்தினி நாளு?"

"ஆயிரக்கணக்கான வருஷம்."

"அடக் கடவுளே," என்று அவர் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. மாத்துனது உன் சாணி இல்லப்பா, என் கையெழுத்து என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. வாய்க்கால் கரையில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி மேடத்தைக் கூப்பிட்டேன். குழியில் சாணி ஊற்றியதைச் சொன்னேன். பொன்னிறத் துணுக்குகள் சாணியிலிருந்த இந்தக் காலத்து வைக்கோல், தேதியை இளசாக்கியது அதுதான் என்றும் சொன்னேன்.

"நீ பக்கத்துல இருந்தேன்னு சொன்னியே," என்றார் மேடம்.

"இல்ல மேடம். வளைகாப்புக்குப் போயிருந்தேன். பொய் சொன்னேன்."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நான் நேத்தே சுருக்கத்தை எழுதி முடிச்சிட்டேன்," என்றார். "உன் மாடு தின்ன வைக்கோலை வெச்சு, உலகத்துப் பனியெல்லாம் லேட்டா உருகிச்சின்னு எழுதியிருக்கேன். என் பேரும் இருக்கு அதுல." திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "மறுபடி தோண்ட முடியுமா? சனிக்கிழமை நாலு மணிக்குள்ள கையில புது மண் இருந்தா, வயசு பின்னால வரும்னு போட்டு அனுப்பலாம். இல்லன்னா வாபஸ் வாங்கிடறேன். உன் ஆய்வேட்டைப் பத்தி அப்பறம் பேசுவோம்."

அந்த 'அப்பறம்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அண்ணனிடம் கேட்டால், "நாத்து முத்திப் போவுதுடி. திங்கக்கெழம சேறு அடிச்சே ஆவணும். அதுக்குள்ள முடிச்சிக்க," என்றார். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வேறு செய்தி. மேஸ்திரியோ, "சாணி இல்லாம மணலத் தாண்டவே முடியாது மேடம், என்ன வுட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. அவரைச் சம்மதிக்க வைத்தது அப்பாதான். "குழி வாய் வரைக்கும் எந்நேரமும் தண்ணி தளும்ப நின்னா செவுரு சரியாது. தண்ணி என் பொறுப்பு," என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தோம். பழைய குழிக்குப் பத்தடி தள்ளிப் புதுக் குழி. அப்பா மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்து வந்து குழி வாயில் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் போதும், "ஏய், நிறுத்து நிறுத்து!" என்று கத்தி, ரொப்பிய பிறகுதான் சுற்றவிட்டார். காலையில் ஆகாரம்கூடச் சாப்பிடவில்லை. மேலே எனக்கு மண் தேவையில்லை என்பதால் வேகமாக இறங்கினார்கள். மத்தியானம் மணல் வந்தது. பைப்பு கரகரவென்று சத்தம் போட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்புக் களி ஒட்டிய பைப்பு மேலே வந்தபோது மேஸ்திரி, "தாண்டிட்டோம்டா சாமி!" என்று துண்டை உதறினார்.

பதினைந்து வந்தது. பதினாறு, பதினேழு. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பதினெட்டு வெளியே வந்தபோது அதன் வாயில் முழுச் சிப்பி ஒன்று பதிந்திருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று. பத்தொன்பதுதான் களியின் அடி. கடல் வந்து சேர்ந்த முதல் நாள் அதற்குள் இருந்தது. மணி மூன்று ஐம்பது. நாலு மணிக்குள் மேடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் கரைக்கு ஓடினேன். மேடம் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாம் தடவைதான் எடுத்தார். "நாலு குழாய் கையில இருக்கு மேடம், அஞ்சாவது இதோ வந்துடும்," என்றேன். அவர் ஒவ்வொரு குழாயின் ஆழத்தையும் கேட்டு, வயது பின்னால் வரும் என்று சுருக்கத்தில் எழுதிக்கொண்டார். அப்போது காற்று எழும்பியது. கரண்ட் போய், தூரத்தில் மோட்டார் சத்தம் அடங்கியது. போனை அப்படியே அணைத்துவிட்டு ஓடினேன்.

வயலை நெருங்கும்போதே மேஸ்திரியின் கத்தல் கேட்டது. "பெரியவரே, தண்ணி எறங்குது! இப்பவே கடைசிக் குழாய அடிச்சி இஸ்த்துடலாம். வுட்டா மணலு கவ்விக்கும்!"

அப்பா குழிக்குக் குறுக்கே நின்றார். நனைந்த வேட்டி, இரண்டு கையும் விரித்தபடி. "அவ வராம ஒரு கை மண்ணு எடுக்கக் கூடாது. சொல்லிட்டா."

அண்ணன் வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு ஓடி வந்து கொட்டிக்கொண்டிருந்தார். எத்தனை குடம் கொட்டினாலும் குழி உறிஞ்சியது. நான் "அடிங்க, அடிங்க!" என்று கத்திக்கொண்டே வந்து விழுந்தேன். அடித்தார்கள். குழாய் இறங்கியது. இழுத்தபோது வரவில்லை. ஐந்து பேரும் நானும் அண்ணனும் சேர்ந்து இழுத்தோம். ஒரு முழம் வந்தது. பிறகு உள்ளே 'பொதுக்'கென்று ஒரு சத்தம். பைப்பு மட்டும் லேசாகக் கையோடு வந்துவிட்டது. குழாய் கீழேயே தங்கிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். மேஸ்திரியும் ஆட்களும் ஒதுங்கி நின்று என்னையே பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் நான் சொன்னதைச் செய்திருந்தார், ஒரு எழுத்து பிசகாமல்.

"குழாய் பூட்டுதா?" என்று கேட்டார்.

"பூட்டுதுப்பா."

சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து நாலு குழாயையும் மழை படாமல் மூடினார்.

தை பிறந்து வயலில் கதிர் முற்றியிருந்தபோது மேடம் அவசரப்படுத்தி வாங்கிய புதுத் தேதிகள் வந்தன. நாலும் வரிசையாக, அடிக்குப் போகப் போக மூத்ததாக. மேடம் ஆய்வேட்டைக் கைவிடச் சொல்லவில்லை. முதல் குழியின் கதையை மறைக்காமல் எழுதச் சொன்னார், எழுதினேன். யார் எங்கே இருந்தார்கள், யார் எங்கே இல்லை என்பது உட்பட. கடல் முதன்முதலாக வந்த நாளை மட்டும் சொல்ல முடியவில்லை.

கடல் எப்போது எவ்வளவு ஏறியது என்று போட்ட வரைபடத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். கோடு முடிந்து புள்ளி புள்ளியாகப் போகும் இடத்தில் விரல் நின்றது.

"இங்க இன்னா, வெறும் எடமா கீது?"

"அதுதான் அந்தக் கடைசிக் குழாய்ப்பா. அங்க இன்னா நடந்துச்சின்னு தெரியாது. அப்படியே எழுதிட்டேன்."

"தெரியாதுன்னு எழுதலாமா? ஒத்துக்குவாங்களா?"

"எழுதலாம்பா. ஒத்துக்குவாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப வளைகாப்பு அன்னிக்கே அப்படி எழுதியிருக்கலாமேம்மா," என்றார்.